மழுங்க வைக்க வாங்கிய டிரில் பிட்டுகள்

எனக்கு எண்பத்து நான்கு வயது நடக்கிறது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். வயிற்றில் பிறந்தவை நான்கு. மற்ற இரண்டும் என் கொழுந்தனாருடைய பிள்ளைகள், தாய் போனபின் என்னிடம் வந்தவை. ஆறு பேரும் இன்றைக்கு அவரவர் காலில் நிற்கிறார்கள். உதவி என்று எவர் வாசலிலும் நான் போய் நின்றதில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

சொல்ல வந்தது என் இரண்டாவது மகள் ஓட்டை போட்டுப் படித்த கதை. அது எனக்கு அன்றைக்கும் முழுதாகப் புரியவில்லை, இன்றைக்கும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். புரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். பட்டறை திருவானைக்காவலில், மெயின் ரோட்டை ஒட்டி. எழுபதுகளில் என் வீட்டுக்காரர் ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்து ஆரம்பித்தார். பம்புசெட் சாமான், இரும்பு கேட், ஜன்னல் கம்பி, பெரிய கம்பெனிகளுக்கு வேலை எடுக்கிறவர்கள் கொடுக்கும் துண்டு வேலை, எல்லாம் வரும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது அவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். மெஷினை எல்லாம் விற்றுவிடு, பொம்பளையால் பட்டறை நடத்த முடியாது என்று காரியத்துக்கு வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்தே சொன்னார்கள். பதினேழாம் நாள் காலையில் போய்ப் பட்டறையைத் திறந்தேன். எங்களிடம் மெஷின் ஓட்டும் மேஸ்திரி எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார். அவர் என் வீட்டுக்காரருக்கும் மூத்தவர். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார். மூன்றாவது வரை படித்த நான் அன்றிலிருந்து பட்டறைக்கு முதலாளி.

இரண்டாவது மகளுக்குப் படிப்பு நன்றாக வந்தது. இன்ஜினியரிங் படித்தாள். அதற்கு மேலும் படிக்கிறேன் என்றாள். அந்தக் காலத்தில் அவள் வகுப்பில் வேறு பெண் கிடையாது. படித்து முடித்தால் பாலிடெக்னிக்கில் வாத்தியார் வேலை தருகிறோம் என்று ஓர் இடத்தில் சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் செய்முறை வேலையை முடித்து எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். இதுதான் நிலைமை. இது எண்பதுகளின் பின்பாதியில்.

அந்தச் செய்முறை வேலைதான் ஓட்டை.

காலேஜில் அலுமினியத்தை உருக்கி, அதில் சாணைக்கல் செய்கிற தூளைக் கொட்டிக் கிளறி, பலகை பலகையாக வார்த்திருந்தார்கள். அவள் ஒரு நாள் அதை ஒரு துணிப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தாள். பார்த்தால் சாதாரண அலுமினியம் மாதிரிதான், கொஞ்சம் சாம்பல் பூத்தாற்போல இருந்தது.

"இதுல என்னடி இருக்கு?"

"அலுமினியத்துக்குள்ள பீங்கான் ஜாதித் தூள் கலந்திருக்கும்மா. கனமும் இருக்காது, தேயவும் தேயாது. பிளேன், கார் எல்லாத்துக்கும் ஆகும்."

"பீங்கான்னா நம்ம ஊறுகா ஜாடி. கீழ போட்டா உடையும். அதைப் போயி பிளேனுக்கா?"

அவள் சிரித்துக்கொண்டே பலகையைப் பைக்குள் வைத்தாள். காலேஜில் இருக்கும் டிரில்லிங் மெஷினுக்கு எப்போதும் ஆள் காத்திருப்பார்கள், அதனால் நம் பட்டறை மெஷினில் ஓட்டை போட்டுக்கொள்கிறேன் என்று சார் ஒருவரிடம் அனுமதி வாங்கி வந்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். காலேஜில் இல்லாத வசதி என் பட்டறையில் இருக்கிறது என்று பக்கத்து மரக்கடைக்காரரிடம் அன்றைக்கே சொன்னேன்.

வேலை ஆரம்பித்தபிறகுதான் குழப்பம். அலுமினியத்தில் ஓட்டை போடுவது எங்களுக்கு வாழைத்தண்டில் கத்தி இறங்குகிற மாதிரி. ஒரே பிட்டை, அதுதான் ஓட்டை போடுகிற முறுக்குக் கம்பியை, வைத்து வாரக்கணக்கில் போடுவோம். இந்தப் பலகையில் நாலைந்து ஓட்டைக்குள் பிட்டு கத்த ஆரம்பித்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் முனை உருண்டுபோய்க் கிடக்கிறது. மேஸ்திரி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாப்பா, இது அலுமினியம் இல்லை. யாரோ ஏமாத்திட்டாங்க."

"இல்லைங்க மேஸ்திரி, அரிசில கல் கிடந்தா பல்லு போகுதில்ல, அதுமாதிரி. உள்ள இருக்கிற தூள் பிட்டைத் தின்னுது."

"கல்லை நீங்களே போட்டுட்டு, பல்லு போகுதுன்னு படிக்கிறீங்களா?" என்று நான் கேட்டேன். மேஸ்திரி வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமாம்மா, அதைத்தான் படிக்கிறோம்" என்றாள்.

பெல்ட்டை மாற்றி மாற்றி மெஷினை ஒரு நாள் வேகமாகச் சுற்ற விடுவாள், ஒரு நாள் மெதுவாக. பிட்டு பலகைக்குள் இறங்குவதையும் அப்படியே, சில நாள் வேகமாக, சில நாள் மெதுவாக. ஒவ்வொரு தினுசுக்கும் ஒரு புதுப் பிட்டு. வேலை முடிந்ததும் அந்தப் பிட்டைக் காகிதத்தில் சுற்றி, மேலே ஏதோ அடையாளம் எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் வைப்பாள். "மேஸ்திரி, இந்த டின்னைத் தொடாதீங்க" என்று சொல்லியிருந்தாள். அவரும் தொடவில்லை. வேறு வேலைக்கு அதிலிருந்து ஒரு பிட்டுகூட எடுத்ததில்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் கைவைத்தால்கூட, பாப்பாவுடையது என்று சொல்லித் தள்ளி வைப்பார்.

புரட்டாசி முடிகிற சமயம் ஓட்டை எல்லாம் போட்டு முடித்துவிட்டாள். அதற்குள் பூஜை லீவு வந்துவிட்டது. காலேஜைப் பூட்டிவிட்டார்கள். உப்பிலியபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்த என் மூத்த மகள் கொலு வைத்திருந்தாள். இவள் நாலு நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினாள். ஆயுத பூஜை எங்கள் பாடு.

ஆயுத பூஜையைப் பட்டறைக்காரர்கள் எப்படிக் கொண்டாடுவார்கள் என்று ஆபீசில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது. எங்களுக்கு அதுதான் பெரிய நாள். முதல் நாளே மெஷினை எல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்போம். உளி, பிட்டு, கத்தி, எது எது முனையுள்ளதோ எல்லாவற்றையும் சாணை பிடித்து, கழுவி, துடைத்து, சாமி முன்னால் வரிசையாக வைப்போம். மழுங்கியதை வைப்பதில்லை. அது என் வீட்டுக்காரர் வைத்த வழக்கம். வருஷம் முழுக்கச் சோறு போட்டதை மழுங்கலாகவா கும்பிடுவது என்பார். நான் விடியற்காலையில் காந்தி மார்க்கெட் போய் பொரி, கடலை, பூசணிக்காய், கதம்பம் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினால், மேஸ்திரி சாணைக்கல் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பிஸ்கட் டின் திறந்திருக்கிறது.

"பாப்பா பிட்டுதாங்க அம்மா. ஓட்டை போட்டு முடிச்சிடுச்சு. எல்லாம் மொக்கையா கெடக்கு. அதுவும் ஒரு படிப்பு, அதை மட்டும் விட்டுட்டா எப்படி?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒவ்வொரு பிட்டாக முனை எடுத்துக் கொடுத்தார். நான் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். எந்தப் பிட்டு எந்தக் காகிதத்தில் இருந்ததோ அதே காகிதத்தின் மேல்தான் வைத்தோம், ஒன்றுகூட மாறவில்லை. தட்டில் அடுக்கி வைத்துப் பார்த்தபோது வெள்ளிக் குச்சி மாதிரி மின்னியது. மகள் வந்து பார்த்தால் மேஸ்திரிக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுப்பாள் என்று நினைத்தேன்.

விஜயதசமி அன்று பகலில் வந்தாள். தோளில் பையோடு நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டாள். நான் பொரிப் பொட்டலத்தை நீட்டினேன். அவள் கண் தட்டுக்குப் போனது. ஒரு பிட்டை எடுத்து முனையைப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் வந்த களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

"யாரு சாணை பிடிச்சது?"

"நான்தான் பாப்பா. நல்லா வந்திருக்கா?" என்றார் மேஸ்திரி.

அவள் அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிட்டு தொலையவில்லை, உடையவில்லை. வாங்கியபோது இருந்ததைவிட நன்றாக இருக்கிறது. இதற்கு ஏன் இவள் முகம் இப்படிப் போகிறது?

கையிலிருந்த பிட்டைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டுச் சொன்னாள். "அந்த மழுங்கல்தாம்மா என் படிப்பு. எந்த வேகத்துல போட்டா எவ்வளவு மழுங்குதுன்னு மைக்ராஸ்கோப்புல அளக்கணும். லீவு முடிஞ்சு வந்து அளக்கலாம்னு வெச்சிருந்தேன். இப்ப எல்லாம் ஒண்ணா இருக்கு. அளக்க ஒண்ணுமே இல்லை."

மழுங்கலை யாராவது சேர்த்து வைப்பார்களா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. "பலகைல ஓட்டை அத்தனையும் இருக்கே, அதை அளந்துக்கோயேன்" என்றேன்.

"ஓட்டை பொய் சொல்லும்மா. மழுங்கின பிட்டு உள்பக்கத்தைத் தேய்ச்சு மெழுகிடும். பாத்தா அதுதான் பளபளன்னு இருக்கும். பிட்டையும் சேத்துப் பாத்தாதான் நெசம் தெரியும்."

இது என்னை இன்னும் குழப்பியது. மழுங்கிய பிட்டு பளபளப்பாகப் போடுமாம். அப்படிப் பளபளப்பாக இருந்தால் அது பொய்யாம். வீட்டில் ஆறு பேருக்குச் சமைத்தவள் நான். மழுங்கிய அரிவாள்மனையில் வாழைக்காய் சீவினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் எடுத்துக் காட்டிய ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தேன். கடைசியாகப் போட்டது வழவழவென்றுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு வாய் வளர்ந்தது.

"சாமிக்கு மொக்கைப் பிட்டு பிடிக்காதாம்மா?"

"மொக்கையை வெச்சுக் கும்பிடற பட்டறை எங்க இருக்கு, காட்டு. ஊருக்குப் போறவ, இதைக் கழுவக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும்."

"தொடாதீங்கன்னு சொன்னேனே."

"நீ வேலைக்கு எடுக்காதீங்கன்னு சொன்னே. பூஜைக்குத் தொடறது தொடறதாடி?"

அவள் பாயை எடுத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டாள். அதில் எங்கள்மேல் என்ன தப்பு என்று நான் இன்றைக்கும் கேட்பேன். ஆனால் அவள் வேலை போகப் போகிறது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அந்தத் தூள் போட்ட அலுமினியத்தை ஒரு தடவைதான் வார்த்தார்கள். மறுபடி ஓட்டை போடப் புதுப் பலகை வேண்டும், அதை வார்க்க மூன்று மாதமாவது ஆகும் என்றாள். பொங்கலுக்குள் ஆகாது. வாத்தியார் வேலை என்று நான் மரக்கடை வரைக்கும் சொல்லிவைத்திருந்தேன்.

அடுத்த நாள் மேஸ்திரி பட்டறைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நானே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, "என் கை இனிமே அந்தப் பொண்ணு சாமான்ல படக்கூடாதும்மா" என்றார்.

"உங்க கை படலைன்னா அந்த மெஷினை யாரு ஓட்டறது? வாங்க. என் வீட்டுல யாரும் உங்களை ஒண்ணும் சொல்லலை. சொன்னா நான் பாத்துக்கறேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். நாங்கள் பட்டறைக்குப் போனபோது மகள் தரையில் உட்கார்ந்து பலகைகளைப் பரப்பி வைத்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது, ஆனால் கை வேலை செய்துகொண்டிருந்தது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே பென்சிலால் குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நடுவுல இடம் இருக்கும்மா. எல்லா தினுசும் போட முடியாது. பாதி போடலாம். எதை விடறதுன்னுதான் பாக்கறேன்."

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். "காபி சாப்பிட்டீங்களா மேஸ்திரி?" என்று மட்டும் கேட்டாள். "ஆச்சு பாப்பா" என்றார். அத்தோடு அவர்களுக்குள் முடிந்தது. எனக்குத்தான் ஆறவில்லை.

புதுப் பிட்டு வாங்க நானே டவுனுக்குப் போனேன். மெயின்கார்டு கேட் பக்கம் எங்களுக்கு வழக்கமான கடை. கம்பெனி மாறக்கூடாது, எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டும் என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். கடைக்காரர் பெட்டியை எடுத்து வைத்தார்.

"போன தடவை வாங்கினது அதுக்குள்ள மழுங்கிடுச்சாம்மா?"

"இல்லை, கூர்மையாயிடுச்சு."

அவர் என்னையே பார்த்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது மழுங்க வைக்கறதுக்கு. சீக்கிரம் கட்டுங்க" என்றேன். வீட்டுக்காரர் போனதில் எனக்கு மூளை கலங்கிவிட்டதாக அவர் நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும். காரணம் சொல்ல எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன்.

மறுபடி ஓட்டை போடத் தொடங்கினார்கள். இந்தத் தடவை நான் மற்ற வேலையை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேஸ்திரியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முப்பது வருஷமாகப் பிட்டு கத்தினால் உடனே தூக்கிவிடுகிற கை அது. இப்போது கத்தக் கத்த விட வேண்டும்.

"கத்துது பாப்பா."

"கத்தட்டும்ங்க."

"புகை வருது."

"வரட்டும். இன்னும் ஒண்ணு போடணும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினின் கைப்பிடியைப் பிடித்திருப்பார். ஓட்டை முடிந்ததும் பிட்டைக் கழற்றி, குழந்தையைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் அவளிடம் கொடுப்பார். அவள் அதைக் காகிதத்தில் சுற்றி அன்றைக்கே பஸ் ஏறிக் காலேஜுக்குக் கொண்டுபோய் அளந்துவிடுவாள். சாயங்காலம் வந்ததும் நான் கேட்பேன், "என்னடி, மழுங்கியிருக்கா?" மழுங்கியிருக்கிறது என்றால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மழுங்கவில்லை என்றால் கவலை வரும். நான் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு நாள் அவள் சிரித்துக்கொண்டே, "மழுங்காம இருந்தாதாம்மா நல்லது" என்றாள். அப்படியென்றால் மழுங்க வைக்க ஏன் இத்தனை பாடு என்றேன். அவள் விளக்கினாள். நானும் தலையாட்டினேன்.

அவள் கண்டுபிடித்ததை எனக்கு இப்படிச் சொன்னாள்: மெஷினை மெதுவாகச் சுற்ற விட வேண்டும், ஆனால் பிட்டைப் பலகைக்குள் சட்டென்று இறக்கிவிட வேண்டும். பயந்து பயந்து மெல்ல இறக்கினால் முனை அந்தத் தூளில் அதிக நேரம் உரசித் தேய்ந்துபோகும். ரொம்பவும் அழுத்தினால் அடிப்பக்கத்தில் பிசிறு தள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அதுதான் அவள் தேடியது. என் வீட்டுக்காரர் புது உலோகம் எது வந்தாலும் மெல்ல இறக்கு, மெல்ல இறக்கு என்பார். அவர் இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. சண்டை போட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மார்கழியில் எழுதிக் கொடுத்தாள். வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் கேள்வி கேட்க வந்தார். நானும் மேஸ்திரியும் காலேஜுக்குப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே எல்லாம் இங்கிலீஷ். ஒரு சமயம் நிறையப் பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. என் மகளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். எழுந்து நின்றேன். மேஸ்திரி, "உக்காருங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

கதவு திறந்தது. அந்தப் பெரியவர்தான் முதலில் வந்தார். தமிழ்க்காரர்தான்.

"போட்ட தினுசுல பாதிக்கு ஏன் கணக்கு இல்லைன்னு கேட்டேன். ஆயுத பூஜைக்கு வீட்டுல சாணை பிடிச்சிட்டாங்கன்னு உங்க பொண்ணு சொல்லுது. அந்தப் பட்டறை உங்களுதாம்மா?"

"என்னுதுதான். எங்க பட்டறைல மழுங்கினதைச் சாமி முன்னால வைக்கற வழக்கம் இல்லைங்க."

மேஸ்திரி எழுந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"நல்ல வழக்கம்" என்றார் பெரியவர். "அந்தப் பொண்ணு மறைக்காம சொல்லிச்சே, அதுவும் நல்ல வழக்கம். மிச்சம் பாதியை இன்னொருத்தர் செய்யட்டும். இவங்க பாஸ்."

மகள் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அங்கே இருந்த யாரையும் பார்க்காமல் நேராக மேஸ்திரியிடம் வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் பதறிப்போய் இரண்டடி பின்னால் போனார். என் காலை அப்புறம்தான் தொட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்த ஓட்டை போட்ட பலகைகளை இனிமேல் என்ன செய்வார்கள் என்று அவளைக் கேட்டேன். ஒன்றும் செய்ய மாட்டார்கள், அலமாரியில் வைத்துவிடுவார்கள் என்றாள். தை பிறந்ததும் பாலிடெக்னிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். மரக்கடைக்காரருக்கு நானே போய்ச் சொன்னேன்.

இவ்வளவையும் எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதியதில் கை நோகிறது. அந்த மகளுடைய பெண், என் பேத்தி, காலேஜ் விட்டு இப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றுகிறாள். இந்தா கண்ணு, கை கழுவிட்டு வந்து இதைக் கொஞ்சம் சத்தமா படி. மெஷின் வேகமா சுத்தணுமா, பிட்டு வேகமா இறங்கணுமா, அந்த இடத்தை நான் மாத்தி எழுதியிருக்கேனான்னு உங்கம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லு.